மடி பெரிதென்றால் பால் பெரிதா?

2006ஆம் ஆண்டு யுத்தத்தில் சம்பூர்ப் பகுதியிலிருந்து ஓடியபோது, நம்மவர்களில் பலர் பட்டி மாடுகளை அப்படியே விட்டுவிட்டுத்தான் போனார்கள். 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் மீண்டும் கிடைத்தன. காணி இருந்தது, மாடு இல்லை. ஆகவே, கடன்பட்டு வாங்கும் ஒரு கறவைப் பசு நமக்கு வெறும் பசு அல்ல. பிள்ளைகளின் கொப்பியும் வீட்டின் அரிசியும் அதுதான்.

பசு வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது மடியை. அது பிழையல்ல. பாலைச் சுரக்கும் திசு கூடுதலாக இருந்தால் மடியும் பெரிதாக இருக்கும், பாலும் கூடும். ஆனால் பெரிய மடியெல்லாம் பால்மடி அல்ல. கொழுப்பும் இணைப்புத் திசுவும் நிறைந்த சதைமடியும் பெரிதாகத்தான் தெரியும். மடிவீக்க நோய் கண்ட மடியும் அப்படியே.

இவற்றை எப்படிப் பிரித்தறிவது? கறந்து முடிந்தபின் பாருங்கள். பால்மடி சுருங்கி, தோல் மடிப்பு விழுந்து, பஞ்சுபோல இருக்கும். சதைமடி கறந்த பின்னும் அவ்வளவு குறையாது. தொட்டால் சூடாகவோ கட்டியாகவோ இருந்தால் நோயென்று சந்தேகியுங்கள். மடியின் நான்கு பகுதிகளும் தனித்தனியானவை. ஒன்றின் பால் மற்றதற்குப் போகாது. ஆகவே நான்கு காம்பிலும் கறந்து, முதற்பாலைக் கறுப்புத் துணியில் பீய்ச்சிப் பாருங்கள். திரளை இருந்தால் அந்தப் பசு வேண்டாம்.

விற்பவர் ஒருநேரம் கறக்காமல் விட்டாலும் மடி பெருத்துக் காட்டும். அதனால் முதல்நாள் மாலை முழுதாகக் கறப்பிப்பதை நேரில் பாருங்கள். மறுநாள் காலையும் போய், கறந்த பாலை அளவுங்கள். அந்தக் காலை அளவைத்தான் நம்பலாம்.

தலையீற்றுப் பசுவின் மடி சிறிதென்று தள்ளிவிடவும் வேண்டாம். அடுத்தடுத்த ஈற்றுகளில் மடியும் பாலும் பொதுவாகக் கூடும். மாறாக, முழங்காலுக்குக் கீழே தொங்கும் மடி நமது முட்பற்றைகளில் கிழிபடும். சேற்றில் அழுக்காகி நோயும் வரும். நமக்கு ஏற்றது உடலோடு ஒட்டிய நடுத்தர மடிதான்.

நல்ல மடியும் தானாகப் பால் தராது. ஒரு லீற்றர் பாலுக்குச் சுமார் 400 முதல் 500 லீற்றர் இரத்தம் மடிக்குள் ஓட வேண்டும். பாலில் 100க்கு 87 பங்கு தண்ணீர். கோடையில் தண்ணீரும் புல்லும் இல்லையென்றால் எந்த மடியும் வற்றும்.

பசு வழங்கும் நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறோம். மாட்டை லொறியில் கொண்டுவந்து இறக்கிக் கையொப்பம் வாங்காதீர்கள். வளர்க்கப்போகும் குடும்பத்தை, முக்கியமாகக் கறக்கப்போகும் பெண்ணை, கூட்டிப்போய் இரண்டு நேரம் கறந்து பார்த்துத் தெரிவுசெய்ய விடுங்கள். பட்டியோடு வாழ்ந்தவர்களுக்கு மாடு பார்க்கத் தெரியும். கடனை அடைக்கப்போகிறவர்களும் அவர்கள்தானே!