புறம்போக்கு அன்று, புல்நிலம்!

ஒருவனை இழித்துரைக்க வேண்டின் 'புறம்போக்கு' என்று வைவது இன்று தமிழர் நாவில் ஏறிய வழக்காகிவிட்டது. வரிக்கணக்கிற்குப் புறம்பாக, ஊரார் அனைவர்க்கும் பொதுவாக விடப்பட்ட நிலத்தின் பெயரே அது. பொதுநிலத்தின் பெயர் வசையாய்த் திரிந்ததும், அந்நிலமே பறிபோனதும் ஒரு நோயின் இரு குறிகளே.

முன்னோர் கண்ணில் அது வெற்றிடம் அன்று. நால்வகை நிலங்களை அடுக்கிய தொல்காப்பியம், ஆநிரை மேயும் முல்லையையே முதற்கண் வைத்தது. சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைக் கொடையாக எழுதுங்கால், குளத்தையும் கிணற்றையும் எண்ணியவாறே 'கன்றுமேய்பாழ்' என்னும் நிலத்தையும் எண்ணி எழுதின. நெல் விளையும் சோணாட்டிலும் கன்றுக்கென நிலம் ஒதுக்கினான் தமிழன். மாடு என்னும் சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்த இனமன்றோ இது! புல்லை மேய்ந்த எருது வயலை உழுதது. அதன் சாணம் வயலுக்கு எருவாயிற்று. புல் இன்றேல் நெல் இல்லை என்பது அன்றைய உழவன் அறிந்த கணக்கு.

அக்கணக்கின் உயிர்ச்சான்று உம்பளச்சேரி மாடு. நாகை, திருவாரூர் வட்டாரங்களின் உவர்மண்ணில் படரும் உப்பருகை மேய்ந்து உரம்பெற்ற இனம் அது. பிறக்கையில் செந்நிறமாயிருந்து, வளர வளரச் சாம்பல் நிறம் கொள்ளும். சிற்றுடலும் வலிய காலும் கொண்டு, ஆழ்சேற்றிலும் சோராது உழும். உழுபொறி வந்தது, கலப்பின மாடு வந்தது, மேய்க்கால் நிலம் சுருங்கியது. இன்று அவ்வினம் அருகி வருகின்றது.

படுகையின் தென்கீழ் முனையாகிய கோடிக்கரையிலும் இதே கதைதான். திருமறைக்காட்டை அடுத்த அப்புல்வெளி, 1967-இல் வெளிமானுக்கெனப் புகலிடமாக்கப்பட்டது. வெளியில் வாழ்வதால் அது வெளிமான். தொலைவில் வரும் பகையைக் கண்டு ஓடிப் பிழைப்பது. அவ்வெளியைத்தான் வேலிக்காத்தான் என்னும் சீமைக்கருவேலம் அடைத்து வருகின்றது. அமெரிக்க மண்ணுக்குரிய அம்முள்மரத்தை, விறகுக்கென 1870-களில் ஆங்கில ஆட்சியினர் தென்னாட்டில் விதைத்தனர். அதன் இனிய காயை மாடும் குதிரையும் தின்னும். சாணத்தோடு விழுந்த வித்து முளைக்கும். அதன் நிழலில் புல் மடியும்.

மீட்கும் வழி அரிதன்று. முள்மரத்தை அடியோடு வெட்டினால் மீண்டும் தழைக்கும்; ஆகலின் வேரொடு அகழ்தல் வேண்டும். அதுவும் காய் முற்றுமுன் செய்தல் வேண்டும். மழைக்குப்பின் மண் இளகியிருக்கையில் இளங்கன்றுகளைக் கையால் பறிக்க வேண்டும். இதை ஓராண்டொடு விடாது பல்லாண்டு தொடர வேண்டும். வெறுமையான இடங்களில் அவ்வூர் அருகையும் உப்பருகையுமே பதிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தழைத்த புல் வித்து உதிர்க்கும்வரை ஆடுமாடுகளைத் தடுத்து, பின்னர்ப் பகுதி பகுதியாக மேயவிட வேண்டும். அளவான மேய்ச்சல் புல்லைக் கொல்லாது. குளம்பு வித்தை மண்ணில் அழுத்தும், சாணம் மண்ணை ஊட்டும். மரமில்லா வெளியெல்லாம் வறுநிலம் என்றெண்ணி ஆங்கே மரம் நடுவதும் புல்வெளிக்குச் செய்யும் கேடே.

அயற்செடிகளை அகற்றத் தமிழ்நாட்டரசு 2022-இல் கொள்கை வகுத்தது. வரவேற்கத்தக்கதே. ஆயினும் முள்ளை அகழ்ந்த இடத்தை ஊர் காவாவிடின் ஈராண்டில் முள்ளே மீளும். ஒவ்வோர் ஊராட்சியும் தன் மேய்க்கால் நிலத்தை அளந்து எல்லைக்கல் நடட்டும். ஊர்மன்றில் அதன் பரப்பை எழுதி வைக்கட்டும். புறம்போக்கு என்னும் சொல் மீண்டும் ஊர்ச்சொத்தின் பெயராய்த் தலைநிமிரட்டும். வரவிருக்கும் கன்றுக்கும் நிலம் ஒதுக்கிய இனம், தன் பிள்ளைகளுக்கு முள்ளை விட்டுச் செல்லலாகாது!