பாறையும் ஒரு பாடசாலை

(பத்தாம் வகுப்பு மாணவியர் சார்பில்)

"ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பர் பெரியோர். ஏட்டுக் கடலும் அப்படித்தான் என்பது எங்கள் கருத்து. நம் குமரி மாவட்டத்துக் கடற்கரை சுமார் 70 கிலோமீட்டர் நீளமுடையது. நம் பள்ளி மாணவியருள் பலர் அலையோசை கேட்டே உறங்குபவர்கள். அப்படியிருந்தும் மெல்லுடலிகளையும் முட்தோலிகளையும் நாம் எங்கே கற்கிறோம்? ஆய்வகத்தில், ஃபார்மலின் நிறைந்த கண்ணாடிச் சாடிகளில்! நிறமிழந்து கிடக்கும் நட்சத்திர மீனைப் பார்த்துக்கொண்டே, அது குழாய்க் கால்களால் நகரும் என்று மனப்பாடம் செய்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒவ்வொரு வகுப்பும் பாறைக்கரைக்குச் சென்று கற்கவேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இதை வெறும் ஆசையால் கூறவில்லை. இவ்வாண்டு தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, ஐந்தாம் வகுப்புச் சிறுமியர் 18 பேரை ஆசிரியையர் முட்டம் பாறைகளுக்கு அழைத்துச் சென்றபோது, உதவிக்காக நாங்கள் 6 பேர் உடன் சென்றோம். அது அமாவாசையை ஒட்டிய நாள். அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டியே கடல் மிகுதியாக ஏறி, மிகுதியாக வற்றும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவே. ஆயினும் அந்தக் குறுகிய இடத்துக்குள் எத்தனை குடியிருப்புகள்!

மேல்வரிசையில், அலைத்துளி மட்டுமே படும் இடத்தில், மிளகளவு நத்தைகள் பாறைப் பிளவுகளில் ஒதுங்கியிருந்தன. அடுத்த வரிசையில் சுண்ணாம்புக் கூம்புகள் போன்ற பார்னக்கிள்கள். இவை கல்லைப் போலத் தோன்றினாலும் நண்டுக்கும் இறாலுக்கும் உறவான கணுக்காலிகளே. அதற்கும் கீழே, மெல்லிய நூல்களால் பாறையை இறுகப் பற்றிய சிப்பிகளும் பச்சைப் பாசியும். தேங்கிய நீரில் கடல் சாமந்தி தன் கரங்களை விரித்திருந்தது. நிழல் விழுந்ததும் சுருங்கிக்கொண்டது. "அக்கா, இந்தப் பூவுக்குக் கண்ணு இருக்கா?" என்று ஒரு சிறுமி கேட்டாள். கண் இல்லாத ஒன்று நிழலை எப்படி அறிகிறது? இத்தகைய கேள்வி கண்ணாடிச் சாடியின் முன் எழுமா?

வெயில் ஏற ஏற அந்தச் சிறு குட்டையின் நீர் சூடேறும், உப்பும் மிகும். மழை பெய்தால் உப்புக் குறையும். கடல் திரும்பி வரும்வரை அத்தனையையும் தாங்கிக்கொண்டுதான் அவ்வுயிர்கள் வாழ்கின்றன.

கற்கச் செல்வோர் ஒரு விதியை மறக்கலாகாது. பார்க்கலாம், வரையலாம், எழுதலாம், எடுத்து வரலாகாது. "வெறும் சங்குதானே?" என்று பலர் கேட்கக்கூடும். துறவி நண்டுக்குத் தன் வயிற்றுப் பகுதியைக் காக்கும் ஓடு கிடையாது. இறந்துபோன நத்தையின் வெற்றுச் சங்கே அதற்கு வீடு. உடல் வளர வளர அது பெரிய வீடு தேடவேண்டும். நாம் அலமாரிக்காகப் பொறுக்கும் சங்கு அதன் நாளைய வீடு அன்றோ! புரட்டிய கல்லை முன்பு இருந்தவாறே திருப்பி வைப்பதும் நம் கடமை. இல்லையேல் நிழலில் வாழ்ந்தவை வெயிலில் மடியும்.

ஓர் உயிரை அகற்றுவதால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சோதனை சான்று. ராபர்ட் பெய்ன் என்னும் அறிஞர் 1963ஆம் ஆண்டு முதல் வாஷிங்டன் மாநிலப் பாறைக்கரை ஒன்றில் ஓரிடத்திலிருந்து மட்டும் நட்சத்திர மீன்களை அகற்றி வந்தார். அவற்றுக்கு இரையாகிவந்த சிப்பிகள் பெருகிப் பாறையை மூடின. வேறு பல உயிர்கள் இடமின்றி மறைந்தன. நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் கடற்குதிரை, கடல் அட்டை, பவளம், சிலவகைச் சங்குகள் ஆகியவை 2001இல் சேர்க்கப்பட்டன.

அடுத்த ஆண்டு இப்பயணம் வேண்டாம் என்று பெற்றோர் சிலர் கருதுவதாக அறிகிறோம். அவர்களுடைய அச்சம் நியாயமானதே. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலை குளச்சல், மணக்குடி முதலிய ஊர்களில் செய்த அழிவை நம் குடும்பங்கள் மறக்கவில்லை. 2024 மே மாதம் நம் மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவர் அலையில் சிக்கி உயிரிழந்தனர். காற்றும் மழையும் இல்லாத நாளிலும் தொலைக்கடலில் பிறந்த பேரலை சொல்லாமல் கரையேறும். அதைக் "கள்ளக்கடல்" என்று மீனவர் அழைத்தனர். இன்று அரசின் எச்சரிக்கை அறிவிப்புகளிலும் அதே சொல் இடம்பெறுகிறது.

இதிலிருந்து நாங்கள் அறிவது, கடலை அறியாமல் இருப்பது பாதுகாப்பு ஆகாது என்பதே. அன்று எங்களுடன் வந்த ஐந்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மீனவர் வீட்டுப் பெண். மற்றவர்கள் பாறையில் இறங்க விரைந்தபோது, "இருங்க அக்கா, கொஞ்ச நேரம் அலையப் பாத்துட்டு எறங்கணும், எங்க அப்பா அப்படித்தான் செய்வாவ" என்றாள். ஆசிரியையரும் அதையே விதியாக்கினர். வகுப்பில் அதிகம் பேசாத அச்சிறுமி அன்று எங்கள் எல்லோருக்கும் ஆசிரியை ஆனாள். பாறையில் மூழ்கிச் சிப்பி எடுப்போரும் வலை இழுப்போரும் நம் பள்ளிப் பெற்றோரே. அவர்களுள் இருவரைப் பயணந்தோறும் வழிகாட்டிகளாக அழைத்தால் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பும் கிடைக்கும். அவர்களுடைய அறிவுக்கு உரிய மதிப்பும் கிடைக்கும்.

இக்காட்சிகளைக் கைப்பேசியிலேயே காணலாமே என்பாரும் உளர். காணலாம். ஆழ்கடலைக் காண நமக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் பாசியின் வழுக்கலையும், சிப்பி பாறையைப் பற்றியிருக்கும் உறுதியையும் திரை உணர்த்தாது. பொறுத்திருந்து பார்க்கும் பழக்கத்தையும் அது தராது.

ஆகவே அருட்சகோதரியரையும் ஆசிரியப் பெருமக்களையும் பெற்றோரையும் பணிவுடன் வேண்டுகிறோம். தென்மேற்குப் பருவமழைக் காலத்தை விலக்கி, அமைதியான மாதத்தில், கடல் வற்றும் நேரம் அறிந்து செல்வோம். எச்சரிக்கை அறிவிக்கப்பட்ட நாளில் பயணத்தைத் தள்ளிவைப்போம். மூன்று சிறுமியருக்கு ஒரு மூத்த மாணவி துணை நிற்கட்டும். எவரும் கடலுக்கு முதுகு காட்டி நிற்க வேண்டாம். இவ்வளவும் செய்தபின், ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திடத் தயங்காதீர்கள். நாங்கள் பள்ளியை விட்டுச் செல்லும் காலம் நெருங்கிவிட்டது. எங்கள் தங்கையர் நட்சத்திர மீனை உயிரோடு பார்க்கவேண்டும். பார்த்தபின் அதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும்.