பறப்பது 4 மணி நேரம். தரையில் தவிப்பது 6 மணி நேரம்!
காரைக்குடி–சிங்கப்பூர் பயணக் கணக்கு

காரைக்குடி,—
திருச்சி விமான நிலையத்துக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் தூரம் சுமார் 2,980 கிலோ மீட்டர். ஜெட் விமானம் சுமார் 4 மணி நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது.

ஆனால் காரைக்குடி வீட்டு வாசலில் இருந்து கிளம்புகிறவர் சாங்கியை விட்டு வெளியே வர 10 மணி நேரம் ஆகிறது!

மீதி 6 மணி நேரம் எங்கே போச்சு?

திருமயம், புதுக்கோட்டை வழியாகத் திருச்சி விமான நிலையம் ஏறக்குறைய 90 கிலோ மீட்டர். காரில் 2 மணி நேரம். விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னாடியே வரச் சொல்கிறார்கள். இறங்கியதும் பாஸ்போர்ட் வரிசை, பெட்டி எடுப்பது என்று ஒரு மணி நேரம்.

கடிகாரம் செய்யும் வேடிக்கை வேறு! சிங்கப்பூர் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. காலை 10 மணிக்குத் திருச்சியில் ஏறினால், இறங்கும்போது அங்கே மாலை நாலரை. திரும்பும்போது 10 மணிக்கு ஏறினால், இங்கே பதினொன்றரைக்கே வந்தாச்சு!

கப்பல் காலம்

செட்டிநாட்டுக்கு இந்தப் பாதை புதுசல்ல. சிங்கப்பூர் டாங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலை நகரத்தார் கட்டியது 1859-ல். அப்புறம் வந்தது ரஜுலா கப்பல். சென்னையில் ஏறினால் ஒரு வாரம் கடல்தான். அதன்பின் ஓடிய சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தது. அதோடு அந்தப் பயணம் முடிந்தது.

அன்று கடிதம் போய்ச் சேர்வதற்குள் இங்கே காரியமே முடிந்துவிடும். இன்று “அப்பச்சி தவறிட்டாக” என்று போன் போனால் மகன் வரும்வரை வீடு காத்திருக்கிறது. ஒரு விமானத்தைத் தவறவிட்டால் கடைசி முகம் பார்க்க முடியாது. பெரும்பாலான கம்பெனிகள் ஒரு மணி நேரம் முன்பே கவுண்ட்டரை மூடிவிடும்.

செட்டிநாட்டில் இறங்கினால் என்ன?

இரண்டாம் உலகப் போரில் போட்ட ஓடுதளம் செட்டிநாட்டில் இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. அதைச் சீர் செய்தாலும் 70 பேர் ஏறும் சின்ன விமானம்தான் வரும். சென்னை போகலாம்; சிங்கப்பூர் வரை ஒரே மூச்சில் பறக்க அதற்குச் சக்தி போதாது. பெரிய விமானத்துக்கு நீளமான ஓடுதளம் வேண்டும். சுங்கம், குடியேற்ற அதிகாரிகள் வேண்டும். திருச்சி ஓடுதளம் ஏறக்குறைய இரண்டரை கிலோ மீட்டர். அங்கே புதிய முனையமும் 2024 ஜனவரியில் திறந்தாச்சு.

ஆகாயத்தில் 4 மணி நேரத்தைக் குறைக்க யாராலும் முடியாது. குறைக்க முடிந்தது தரையில்தான். விமான நிலையம் புதுக்கோட்டை சாலையிலேயே இருக்கிறது. ஊருக்குள் நுழைய வேண்டியதில்லை. விமான நேரத்தை ஒட்டி, நடு ராத்திரியிலும் காரைக்குடியில் இருந்து முனைய வாசல் வரை ஒரு பஸ் விட்டால், வாடகைக் கார் எடுக்க வழியில்லாத தொழிலாளியும் நேரத்துக்குப் போய்ச் சேருவான்.

ஓடுதளத்துக்குக் கோடிகள் வேண்டும். பஸ்ஸுக்கு மனசு போதும்!