இல்லமும் இசையும்: பெயர் தெரியாத கார்டு

நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில் இன்று சுவரோரம் ஒரு கிட்டார் சாய்ந்திருக்கக் காண்கிறோம். வீணையும் ஆர்மோனியமும் இருந்த இடத்தில் இது வந்து அமர்ந்துவிட்டதே என்று பெரியோர் சிலருக்கு மனக்குறை உண்டு. மேல்நாட்டுப் பிடிலை நம் சங்கீதத்துக்கு இசையச் செய்த முன்னோடிகளுள் ஒருவர் பாலுசுவாமி தீட்சிதர். இன்று பிடில் இல்லாத கச்சேரி மேடை அரிது. இளையராஜாவும் இசையமைப்பாளர் ஆவதற்கு முன் பிறருடைய குழுக்களில் கிட்டார் வாசித்தவரே. ஆகவே வாத்தியம் பிறந்த ஊரைப் பற்றிய வழக்கை இத்துடன் முடித்துக்கொண்டு, நம் பிள்ளைகள் அதனோடு படும் பாட்டுக்கு வருவோம்.

கார்டு என்றதும் நம்மைப் போன்ற ரயில்வே ஊழியருக்குப் பச்சைக் கொடி காட்டுபவரே நினைவுக்கு வருவார். அவருக்கும் 2022-இல் டிரெயின் மானேஜர் என்று பெயர் மாறிவிட்டது. பெயர் மாறினாலும் அவர் வண்டியின் கடைசியில்தான் வருகிறார். இதை நேயர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும், பின்னால் பயன்படும். கிட்டாரில் கார்டு என்பது ஒரே வேளையில் சேர்ந்து ஒலிக்கும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஸ்வரங்களின் கூட்டு.

எழுதிய குறிப்பு எதுவுமின்றிக் கேட்டதைக் கேட்டபடி வாசிக்கப் பழகும் பிள்ளைக்கு நாலைந்து கார்டுகள் எளிதில் வசப்படும். பிறகு ஒரு பாட்டின் நடுவே, அறிந்த எதனோடும் ஒத்துப்போகாத கூட்டு ஒன்று குறுக்கிடும். பையன் கைக்கு வந்த வடிவங்களையெல்லாம் வைத்துப் பார்ப்பான். ஒன்றும் சேராது. கைபேசியைக் காட்டினால் அது ஏதோ ஒரு பெயரைச் சொல்லும்; அது சரியோ தவறோ என்று சொல்ல அவனிடம் வேறு அளவுகோல் இல்லை. இப்படி நாலு முறை நேர்ந்ததும், "எனக்குச் செவி இல்லை" என்று வாத்தியத்தை உறையில் போட்டுவிடுவான். நாம் அஞ்சுவது இந்த முடிவைத்தான். ஏனெனில் அவனுக்குச் செவி உண்டு. எதை முதலில் கேட்பது என்ற வரிசையை மட்டும் அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

பெயரைக் கடைசிக்கு ஒதுக்கி வைப்பதே அந்த வரிசையின் முதல் விதி.

தொடக்கமாகப் பாட்டின் ஆதார ஸட்ஜத்தைப் பிடிக்க வேண்டும். பாட்டு எங்கே சென்று இளைப்பாறுகிறதோ அதுவே ஸ. இதை வாயால் முனகிக்கொண்டே கிட்டாரில் தேடலாம். பெரியோர் கட்டைக் கணக்கில் சொல்வது கிட்டாருக்கும் பொருந்தும்: 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி, 6 கட்டை ஏ. வீணையில் நாம் மெட்டு என்பதைக் கிட்டாரில் ஃப்ரெட் என்பர். ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் ஒரு ஸ்வரஸ்தானம் நகரும். பன்னிரண்டாவதில் மேல் ஸ்தாயி.

இரண்டாவதாக, அந்தக் கூட்டின் அடித்தள ஸ்வரத்தைத் தேட வேண்டும். ஆறு தந்திகளும் தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி கூட்டப்படுகின்றன. தடித்த இரண்டு தந்திகளில் ஒவ்வொரு ஃப்ரெட்டாக நடந்து பார்த்தால், பாட்டின் அடியில் ஓடும் ஸ்வரத்தோடு ஒன்று கலந்துவிடும். பெரும்பாலும் அதுவே கார்டின் மூல ஸ்வரம். சில வேளைகளில் காந்தாரமோ பஞ்சமமோ அடியில் வந்து உட்கார்ந்திருக்கும். அப்போது பழகிய கார்டும் புதிதுபோல் தோன்றும்.

மூன்றாவதாக, மூல ஸ்வரத்தை ஸ என்று கொண்டு அதன் காந்தாரத்தைப் பாடிப் பார்க்க வேண்டும். சங்கராபரணத்தின் அந்தர காந்தாரம் பொருந்தினால் அது மேஜர். கரகரப்பிரியாவின் சாதாரண காந்தாரம் பொருந்தினால் அது மைனர். மூலத்திலிருந்து முன்னது நான்கு ஃப்ரெட், பின்னது மூன்று; பஞ்சமம் இரண்டிலும் ஏழு. கமகம் எதுவும் சேர்க்காமல், தட்டையாக நிறுத்திப் பாட வேண்டும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது.

நம் குடியிருப்பில் இதற்கு ஒரு சான்று கண்டோம். அண்டை வீட்டுப் பையன் ஈ மேஜர் கார்டை மீட்டி மீட்டி ஒரு பாட்டோடு சேராமல் திண்டாடிக்கொண்டிருந்தான். கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவனுடைய பாட்டி, ஆயுளில் கிட்டாரைத் தொட்டறியாதவர், "டேய், பாட்டிலே காந்தாரம் கீழே இறங்கி நிற்கிறது, நீ மேலே பிடிக்கிறாய்" என்றார். "எவ்வளவு கீழே, பாட்டி?" என்று அவன் கேட்க, அவர் இரண்டையும் பாடிக் காட்டினார். மூன்றாவது தந்தியின் முதல் ஃப்ரெட்டில் வைத்திருந்த விரலை அவன் எடுத்தான். ஈ மைனர் ஆயிற்று, பாட்டோடு ஒட்டிக்கொண்டது. "இதற்குத்தானா இத்தனை நேரம்?" என்று சொல்லிவிட்டுப் பாட்டி கீரைக்குத் திரும்பினார். இளமையில் ஸ்வரவரிசை பாடிய மூதாட்டியர் நம் இல்லங்களில் பலர் உள்ளனர். பேரனின் வாத்தியத்துக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று அவர்கள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை.

மூன்று ஸ்வரங்களும் பொருந்திய பிறகும் ஏதோ மிச்சம் இருப்பதாகச் செவி சொன்னால், நான்காவது ஒன்று ஒளிந்திருக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் நிஷாதமே. மேஜரோடு கைசிகி நிஷாதம் சேர்ந்தால் அது செவன்த். வேறிடம் செல்ல வேண்டும் என்று தவிக்கும். காகலி நிஷாதம் சேர்ந்தால் மேஜர் செவன்த். மென்மையாய்க் கனவில் மிதப்பதுபோல் நிற்கும். காந்தாரமே இல்லாமல் அதனிடத்தில் மத்தியமமோ ரிஷபமோ இருந்தால் அது சஸ்பெண்டட். மேஜர் என்றும் மைனர் என்றும் சொல்லவொட்டாமல் தொங்கும். மூன்று மூன்று ஃப்ரெட் இடைவெளியில் நான்கு ஸ்வரங்கள் அடுக்கியிருந்தால் டிமினிஷ்ட் செவன்த்; அந்த வடிவத்தை மூன்று ஃப்ரெட் நகர்த்தினாலும் அதே நான்கு ஸ்வரங்களே திரும்ப வரும்.

தேடும் பரப்பைக் குறுக்கவும் வழியுண்டு. சங்கராபரண ஸ்வரங்களைக்கொண்டு ஒன்றுவிட்டு ஒன்றாக அடுக்கினால் ஏழு கார்டுகள் பிறக்கும். ஸ, ம, ப ஆகியவற்றின்மேல் மேஜர், ரி, க, த ஆகியவற்றின்மேல் மைனர், நி-யின்மேல் டிமினிஷ்ட். மேஜரில் அமைந்த பாட்டானால் முதலில் இந்த ஏழையும் விசாரிக்க வேண்டும். இவற்றுள் ஒன்றும் ஒவ்வாதபோதுதான் வெளியூர் ஸ்வரம் ஒன்று புகுந்திருக்கிறதா என்று பார்ப்பது முறை.

இனி, முன்னர் சொன்ன பெயர் விஷயம். சி, ஈ, ஜி, ஏ என்ற நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலித்தால், அடியில் சி இருக்கும்போது சி சிக்ஸ்த் என்பர். ஏ இருக்கும்போது ஏ மைனர் செவன்த் என்பர். அலுவலகத்தில் ஒரு பெயரும் வீட்டில் ஒரு பெயருமாக அழைக்கப்படும் ஆளைப் போன்றதே இது. எனவே நண்பன் ஒரு பெயரும் நம் பிள்ளை ஒரு பெயரும் சொன்னால் இருவருமே சரியாக இருக்கக்கூடும்.

செவியை மட்டும் நம்பியோர் உலகெங்கும் திகைத்த கூட்டு ஒன்று உண்டு. 1964-இல் பீட்டில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'எ ஹார்ட் டேஸ் நைட்' பாட்டின் தொடக்கத்தில் ஒரே ஒருமுறை ஒலிப்பது அது. பல்லாண்டுகள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பன்னிரு தந்திக் கிட்டாரில் அதை வாசித்த ஜார்ஜ் ஹாரிசன், அது மேலே ஜி சேர்ந்த எஃப் கார்டு என்று 2001-இல் கூறினார். ஆனால் அதன் அடியில் பேஸ் கிட்டாரின் டி ஒலிக்கிறது. 2004-இல் கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணித அறிஞர் ஜேசன் பிரௌன், ஒலிப்பதிவைக் கணித முறையால் பிரித்தாய்ந்து, பியானோவும் அதில் கலந்திருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு கிட்டாரில் தேடி அது கிடைக்காததற்குத் தேடியவர்களின் விரல்கள் பொறுப்பல்ல. நம் பிள்ளைக்கும் இதைச் சொல்ல வேண்டும்: பதிவில் கேட்பது பல வாத்தியங்களின் கூட்டு, எல்லாம் உன் ஆறு தந்தியில் அடங்க வேண்டும் என்பதில்லை.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும். ஒருவர் ஒரு கார்டை மறைவில் மீட்ட, பிள்ளை முதலில் அடித்தளத்தையும், பிறகு காந்தாரத்தையும், பிறகு நிஷாதத்தையும் வாயால் பாடட்டும். பாட முடிந்த ஸ்வரத்தை விரல் தானே கண்டுபிடிக்கும். பெயரை அதன்பின் புத்தகத்திலோ கைபேசியிலோ பார்த்துக்கொள்ளலாம்.

நம்மில் பலர் மாற்றல் உத்தரவை எதிர்பார்த்தே வாழ்கிறவர்கள். ஊர் மாறினால் பள்ளிக்கூடம் மாறும், பாஷை மாறும், வாத்தியாரும் மாறுவார். பிள்ளையோடு கூடவே வரும் ஆசிரியர் அவனுடைய செவி ஒன்றுதான். அதைத் தீட்டிக்கொடுப்பது நம் கடமை; அதற்கு வேண்டிய ஸ்வரங்கள் நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கின்றன.