கடற்காற்றை எம்மொழியில் அளக்கின்றனர்?

கடலிற் காற்றாலை நிறுவும் திட்டத்திற்கென 7453 கோடி உருபாவுக்கு நடுவணரசு 2024 சூன் திங்களில் ஒப்புதல் தந்தது. குசராத்துக் கடலில் 500 மெகாவாட்டு, தமிழ்க்கடலில் 500 மெகாவாட்டு என்பது அதன் கணக்கு. அற்றைநாளில் இந்திய ஒன்றியத்தின் கடற்பரப்பில் ஒற்றைக் காற்றாடியும் நின்றதில்லை. தமிழகத்தில் அதற்கெனக் குறிக்கப்பட்ட இடம் மன்னார்க் குடாவை ஒட்டிய தென்கடல். ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் பதனிடும் தொழிலை நம்பி வாழும் தமிழர்க்கு அக்கடலோடு என்ன உறவு? பாலாறு எங்கே, மன்னார்க் குடா எங்கே?

உறவு உண்டு. தோற்சாலைக் கழிவுநீரிலிருந்து உப்பைப் பிரித்தெடுக்கும் பொதுத் தூய்மிப்பு நிலையங்கள் மின்னாற்றலை விழுங்குவன. எக்கியும் சவ்வூடு வடிப்பும் நீர்வற்றக் காய்ச்சலும் மின்னின்றி நடவா. மின் மலிந்தாலன்றி ஆற்றுக்குத் தூய்மை இல்லை. ஆயினும் அது சிறிய உறவே. பெரிய உறவு வேறொன்று: மக்கள் அறியாத மொழியில் ஒரு நிலத்தை அளந்தால் என்ன நேரும் என்பதைப் பாலாற்றங்கரை பட்டறிந்திருக்கிறது.

கிணற்று நீர் கரிப்பதை அங்கே முதலில் அளந்த கருவி அவ்வூர்ப் பெண்களின் நாக்கு. பருப்பு வேகவில்லை என்றார்கள். தென்னை கருகுகிறது என்றார்கள். அவையெல்லாம் அளவீடாக மதிக்கப்படவில்லை. வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் 1991-இல் உச்ச முறைமன்றம் ஏறியது. 1996 ஆகத்து 28-ஆம் நாள் வந்த தீர்ப்பில், தோல் தொழிற்பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிர்க்கு உதவாது போயிற்று என்னும் வேளாண் பல்கலைக்கழகக் கணிப்பு இடம்பெற்றது. உலகமே எடுத்துப் பேசும் தீர்ப்பு அது. கெடுத்தவனே ஈடு தரவேண்டும் என்னும் நெறியை இந்நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு. ஆனால் அது ஆங்கிலத்தில் வந்தது. நிலம் இழந்த உழவன் பிறர் வாய்க்கேட்டே அதை அறிந்தான். 2015 சனவரியில் இராணிப்பேட்டையில் கழிவுச்சேற்றுத் தொட்டியின் சுவர் உடைந்து 10 தொழிலாளர் மாண்டனர். 2025 சனவரி 30-ஆம் நாள் அதே முறைமன்றம் பாலாற்று மாசைப்பற்றி மீண்டும் தீர்ப்புரைக்க நேர்ந்தது. அளவு இருந்தது, அளவை அறிந்து தட்டிக்கேட்கும் ஆற்றல் ஊரில் இல்லை.

இன்று கடலில் தொடங்கியிருப்பதும் அளத்தற்பணியே. அதனால்தான் அதனை இப்பொழுதே உற்றுநோக்க வேண்டியுள்ளது.

காற்றாலைக்குக் காற்றின் அளவு எத்துணை இன்றியமையாதது என்பதை ஒரு சிறு பெருக்கல் காட்டும். காற்றின் ஆற்றல் அதன் விரைவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. நொடிக்கு 7 மீட்டர் வீசினால் 343 பங்கு. 8 மீட்டர் வீசினால் 512 பங்கு. ஒரே ஒரு மீட்டர் வேறுபாட்டில் ஆற்றல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கை எட்டிவிடுகிறது. ஆதலால் அளவில் சிறுபிழை நேரினும் பல்லாயிரங்கோடி முதல் பாழாகும். நிலத்தில் இப்பணி எளிது. உயர்ந்த கம்பம் நட்டு, சுழலும் கிண்ணங்களை உடைய காற்றளவியையும் திசைகாட்டியையும் பூட்டி ஆண்டு முழுதும் குறித்தால் போதும். 1980-களில் இந்நாட்டின் காற்றளவைப் பணியை அன்னா மாணி அம்மையார் முன்னின்று நடத்தியது அவ்வாறே. 1986-இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டிலும், பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பகுதியிலும் காற்றாடிகள் எழுந்தன. 1964-இல் புயல் அழித்த தனுக்கோடி மணல்முனையிலும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம் 100 மீட்டர்க் கம்பம் நட்டுக் காற்றை அளந்தது. காற்றால் அழிந்த ஊரே காற்றை அளக்கும் இடமாயிற்று.

கடலுக்குள் கம்பம் நடுதல் பெருஞ்செலவு. ஆகவே அங்கு ஒளியால் அளக்கின்றனர்; 'இலைடார்' என்று ஆங்கிலத்தில் வழங்கும் கருவி அது. சீரொளிக் கற்றையை மேல்நோக்கி விடுக்க, காற்றில் மிதந்து செல்லும் நுண்துகள்களிற் பட்டு ஒளி மீளும். காட்பாடிச் சந்திப்பை நில்லாது கடக்கும் தொடர்வண்டியின் ஊதல் வரும்போது எடுப்பாகவும் போகும்போது படுத்தும் ஒலிப்பதை அறியாதார் யார்? மீளும் ஒளியின் அதிர்வும் அவ்வாறே மாறுகிறது; அம்மாற்றத்தைக் கொண்டு பல உயரங்களில் காற்றின் விரைவைக் கணக்கிடுகின்றனர். இத்தகைய கருவி 2017 நவம்பரில் குசராத்தின் கம்பாத்துக் குடாவில் நிறுவப்பட்டது. மிதவையில் ஏற்றிய கருவியாயின் அலையோடு ஆடும். அவ்வாட்டத்தையும் கழித்தே கணக்குப் பார்க்கவேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு கிடைப்பது ஓரிடத்தில் ஓரிரு ஆண்டுக் கணக்கே. காற்றாலையோ இருபத்தைந்து ஆண்டு நிற்பது. இங்கேதான் போல்மம் வருகிறது. வளிமண்டலத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் வெப்பம், அழுத்தம், காற்று ஆகியவை மாறும் போக்கைக் கணினியில் கணித்துக் காட்டும் கணக்குருவமே போல்மம். செயற்கைக்கோள் கடல்முகத்துச் சிற்றலைகளைக் கண்டு 10 மீட்டர் உயரத்துக் காற்றைச் சொல்லும். காற்றாடி சுழல்வது 100 மீட்டருக்கு மேல். இடைவெளியை நிரப்புவது போல்மம். மன்னார்க் குடாவிலோ ஆரல்வாய்மொழிக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும் மேல்காற்றை முடுக்கி விடுகின்றன. பகலில் கடற்காற்று குறுக்கே புகுகிறது. இத்தகைய கரைப்பகுதியில், நேரில் அளந்த கணக்கோடு ஒத்துப்பாராத போல்மத்தை நம்புதல் குதிரை பேரம் பேசுவது போன்றது.

மேலே சொன்னவற்றுள் தமிழிற் சொல்லவியலாதது எது? ஒன்றுமில்லை. ஆயினும் தமிழ்க்கடலை அளந்து எழுதிய அறிக்கைகள் ஆங்கிலத்தில் கிடக்கின்றன. நடுவண் நிறுவனங்களுக்குச் சட்டப்படி அலுவல்மொழிகள் இந்தியும் ஆங்கிலமும். அளக்கும் நிறுவனம் சென்னைப் பள்ளிக்கரணையில், ஆய்வுக்களம் கயத்தாற்றில், கடல் நம் கடல். மொழி மட்டும் வேறு!

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றைத் திசையறிந்து பெயரிட்டவன் தமிழ்ப் பரதவன். எந்தத் திங்களில் எந்தக் காற்று மாறும், எக்காற்றில் எம்மீன் படும் என்பது அவன் பட்டறிவு. புறநானூற்று 30-ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், காற்று இயங்கும் திசையை நேரிற் சென்று அளந்தவர்போல் உரைப்போரைக் குறிக்கிறார். அதைக் காட்டி, ஒளியளவியை அன்றே தமிழன் கண்டான் என்று மார்தட்டுவது பேதைமை. அப்பேச்சு நம் மேடைகளில் மிகுதி. அளத்தற்குரியது காற்று என்னும் எண்ணம் நம் மொழிக்குப் புதிதன்று என்பதே அப்பாட்டால் பெறப்படும்.

தாய்மொழியில் இது நடக்குமா என்று நகைப்பார்க்குத் தென்மார்க்கு விடை சொல்லும். தமிழ்நாட்டு மக்கட்டொகையில் பத்தில் ஒரு பங்கும் இல்லாத நாடு அது. அங்கே ஆசுகோவ் என்னும் சிற்றூரில் உழவர் மக்களுக்குத் தாய்மொழியிற் கற்பித்த நாட்டுப்புற உயர்பள்ளி ஒன்றில் பவுல் இலா கூர் ஆசிரியர். 1891-இல் அப்பள்ளியிலேயே மின்னாக்கும் காற்றாலை கட்டினார். காற்றுக்குடைவு அமைத்து இறகுகளை ஆய்ந்தார். கண்டதைத் தம் தேனிய மொழியிலேயே நூலாக எழுதினார். ஊர்ப்புற இளைஞர்க்குக் காற்றுமின் வினை பயிற்றினார். அவர்பால் 1904-இல் பயின்ற யோகன்னசு யூல், 1957-இல் கெட்சரில் 200 கிலோவாட்டுக் காற்றாலை எழுப்பினார். உலகின் முதற் கடற்காற்றாலைப் பண்ணை 1991-இல் விண்டெபியில் எழுந்ததும் அந்நாட்டிலேயே. ஆங்கிலம் வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவானவை. தமிழ்க்கடலில் அளக்கும் ஒவ்வோர் அளவும் தமிழறிக்கையாக வெளிவரவேண்டும். கடலில் இடம் குறிக்குமுன் தூத்துக்குடி, இராமேசுவரம் பகுதி மீனவர் கையில் அது சேரவேண்டும். மன்னார்க் குடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடற்பூங்காவாகக் காக்கப்படுவன. பவளப்பாறைக்கும் மீன்பாட்டுக்கும் நேரக்கூடிய கேட்டை அளப்பதும் அவ்வறிக்கையில் வேண்டும். கலைச்சொல் இல்லை என்னும் பழம்பாட்டு செல்லாது. காற்றளவி, ஒளியளவி, மிதவையளவி, போல்மம், மும்மடிப் பெருக்கம் என்பவற்றை எட்டாம் வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்வான். பொருந்தாத சொல்லை வழங்கி வழங்கித் திருத்திக்கொள்ளலாம்.

மீன்பிடி துறைதோறும் ஒரு கரும்பலகை நாட்டுவதற்கு எத்தனை கோடி வேண்டும்? நேற்று 100 மீட்டர் உயரத்தில் கச்சான் நொடிக்கு எத்தனை மீட்டர் வீசிற்று, போல்மம் எத்தனை என்று சொன்னது என இரண்டு எண்களைச் சுண்ணக்கட்டியால் நாள்தோறும் தமிழில் எழுதி வைக்கட்டும். எந்த எண் பிழை என்பதை, விடியலில் கரையேறும் கட்டுமரக்காரன் சொல்வான்.