புதுக் கார் தாழுமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை எங்கள் வீட்டு வாசலில் பெரிய உறுமல் ஒன்று கேட்டது. எட்டிப் பார்த்தேன். தரையோடு ஒட்டிக் கிடந்த சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து, பதினைந்து வருஷங்களுக்கு முன் என்னிடம் பௌதிகம் படித்த மாணவன் ஒருவன் தன் கைகால்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருந்தான். வந்ததும் வராததுமாக, "பார்த்தீர்களா ஸார், எவ்வளவு உயரமாக நிற்கிறது!" என்று அங்கலாய்த்தான்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வண்டிக்குள் இறங்குவதற்கே படிக்கட்டு வேண்டும் போலிருக்கிறதே என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவனோ உயரம் என்கிறான்! என்னைச் சக்கரத்தருகே அழைத்துச் சென்று, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல்களை நுழைத்துக் காட்டினான். விளம்பரப் படத்தில் இரண்டு விரல்கூட நுழையாதாம். விற்றவர்கள், "ஓட ஓடத் தானே படிந்துவிடும்" என்று சமாதானம் சொன்னார்களாம். பட்டறைக்காரர் ஒருவரோ, "ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் ஒரே நாளில் படிந்துவிடும், புதன்கிழமை கொண்டுவாருங்கள்" என்றாராம். "ஸ்பிரிங் தானாகப் படியுமா, படியாதா? நீங்கள்தான் ஸார் சொல்ல வேண்டும்" என்றான்.

கார் வியாபாரம் எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்பிரிங்கின் குணம் கொஞ்சம் தெரியும். "பள்ளிக்கூடத்து வில்தராசு ஞாபகம் இருக்கிறதா, தம்பி?" என்று கேட்டேன்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பல வருஷங்களாக உழைக்கும் வில்தராசு ஒன்று உண்டு. ஆயிரக்கணக்கான தடவை எடை தொங்கவிட்டிருக்கிறோம். எடையை எடுத்தால் முள் இன்றும் பூஜ்யத்தில் வந்து நிற்கிறது. இழுப்புக்குத் தக்கபடி நீட்சி என்னும் இந்த நியதியை இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் 1676-ஆம் வருஷத்தில் எழுத்துக்களைக் கலைத்துப் போட்ட புதிராக வெளியிட்டு, 1678-இல் விடையையும் சொன்னார். எஃகு தன் மீட்சி எல்லைக்குள் இருக்கும் வரையில், பாரம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும்.

அதே அலமாரியில் இன்னொரு தராசும் இருக்கிறது. பையன்கள் பலப்பரீட்சை செய்து இழுத்துவிட்டார்கள். எல்லை மீறிவிட்டது. இப்போது ஒன்றும் தொங்காதபோதே முள் 200 கிராமைக் காட்டுகிறது. ஆனால் ஒரு விசித்திரம்! அதில் 100 கிராம் தொங்கவிட்டால் முள் சரியாக 300-க்குப் போகிறது. அதாவது ஸ்பிரிங் நிரந்தரமாக நீண்டுவிட்டதே ஒழிய, அதன் விறைப்பு குறையவில்லை. கார் விஷயமும் இதுவே. பாரத்தால் குறுகிப்போன ஸ்பிரிங் வண்டியைத் தாழ்த்தும். ஆனால் "ஸ்பிரிங் இளகிவிட்டது" என்று ஜனங்கள் சொல்வது பிசகு.

புதுக் காரின் ஸ்பிரிங் அப்படிக் குறுகாமலிருக்கத் தொழிற்சாலையிலேயே ஓர் உபாயம் செய்கிறார்கள். வேண்டிய உயரத்தைவிடச் சற்று அதிகமாகச் செய்து, சுற்றோடு சுற்று ஒட்டும்படி அழுத்தி விடுகிறார்கள். படிய வேண்டியது அங்கேயே படிந்துவிடுகிறது. அப்புறம் சாலையில் வரும் பாரங்கள் அதை அநேகமாக அசைப்பதில்லை. ஆகவே நல்ல எஃகு ஸ்பிரிங் இரண்டு விரல் தாழும் என்று காத்திருப்பது வீண்.

அப்படியானால் விற்றவர்கள் சொன்னது பொய்யா? முழுப் பொய்யுமல்ல. ஸ்பிரிங்கின் இரு முனைகளிலும் ரப்பர் மெத்தைகள் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் கைகளின் கீல்களில் ரப்பர் புஷ்கள் உண்டு. புது ரப்பர் முதல் சில மாதங்களில் அமுங்கி இடம்பிடித்துக்கொள்ளும். இதில் சில மில்லிமீட்டர் இறங்கலாம். சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கும்போது போல்ட்டை முடுக்கிவிட்டால், புஷ் முறுக்கிக்கொண்டு வண்டியைச் சற்றுத் தூக்கியே பிடிக்கும். சக்கரம் பாரத்தைத் தாங்கி நிற்கும் நிலையில் தளர்த்தி முடுக்குவதே முறை. இன்னொன்று: கப்பலிலும் லாரியிலும் வரும்போது அடிபடாமலிருக்கச் சில கம்பெனிகள் ஸ்பிரிங்குக்குள் கட்டைகளைச் செருகி அனுப்புகின்றன. விற்குமுன் அவற்றை எடுக்க மறந்துவிட்டால் வண்டி மரக்கால் கட்டிக்கொண்டாற்போல் நிற்கும்! கத்தியைத் தேடுமுன் இதைப் பார்க்க வேண்டாமா?

தானாகத் தாழும் வண்டிகளும் உலகத்தில் இல்லாமற் போகவில்லை. 1959-இல் பிரிட்டனில் வெளிவந்த மினி காருக்கு அலெக்ஸ் மோல்ட்டன் எஃகுச் சுருளுக்குப் பதில் ரப்பர் கூம்புகளை அமைத்தார். 1964-இல் மான்டி கார்லோ பந்தயத்தில் முதலாவதாக வந்த பெருமை அந்த வண்டிக்கு உண்டு. ஆனாலும் ரப்பர் ரப்பர்தானே! வருஷங்கள் செல்லச் செல்லக் கூம்புகள் அமுங்கி வண்டி தாழ்ந்தது. அவரே வகுத்த வேறொரு முறையில், நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளும் திரவமுமே ஸ்பிரிங்காக வேலை செய்தன. 1995-இல் வந்த எம்.ஜி.எஃப். என்ற ஸ்போர்ட்ஸ் கார் அந்த முறையை மேற்கொண்டது. வாயு மெல்லிய திரையின் வழியே வருஷக்கணக்கில் கசிய, வண்டி கூசாமல் உட்கார்ந்துவிடும். திரவத்தைப் பம்பு வைத்து ஏற்றி உயர்த்த வேண்டும். 2002-இல் வந்த அதன் வாரிசு எஃகுச் சுருளுக்கே திரும்பிவிட்டது.

இனி அளக்கும் விதம். கண்ணை நம்பக் கூடாது. விரலையும் நம்பக் கூடாது. சமதளத்தில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சரிபார்த்து, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் உருட்டி, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை அளக்க வேண்டும். பெட்ரோல் எவ்வளவு இருக்கிறதென்றும் குறித்துக்கொள்ள வேண்டும். 40 லிட்டர் பெட்ரோல் சுமார் 30 கிலோ. பின் சக்கரம் ஒவ்வொன்றும் 15 கிலோ தாங்கி, இரண்டரைக் கிலோவுக்கு ஒரு மில்லிமீட்டர் இறங்குவதானால், தொட்டியை நிரப்பினாலே வண்டி 6 மில்லிமீட்டர் தாழும். டயரோ இதற்கு நேர்விரோதம்! புது டயரின் 8 மில்லிமீட்டர் பள்ளம் 1.6 ஆகத் தேயும்போது வண்டி தரையை நோக்கி 6.4 மில்லிமீட்டர் இறங்குகிறது. ஆனால் டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளி அதே அளவு கூடுகிறது. விரலால் அளப்பவன் வண்டி உயர்ந்துவிட்டதென்றே சத்தியம் செய்வான்.

கடைசியாக, வெட்டும் விஷயம். இதைச் சொல்லும்போது என் குரல் வகுப்பறைக் குரலாகிவிட்டது. வேலை செய்யும் சுற்றுகள் 6 உள்ள ஸ்பிரிங்கில் ஒன்றை வெட்டினால், மிச்சம் நூற்றுக்கு 20 பங்கு அதிக விறைப்பாகிவிடும். வெட்டிய முனை தன் ஆசனத்தில் ஒழுங்காக உட்காராது. சக்கரம் பள்ளத்தில் இறங்கித் தொங்கும்போது குட்டையான ஸ்பிரிங் தளர்ந்து இடம் விட்டு நழுவக்கூடும். வேகமாகப் போகும் வண்டியில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. சக்கரங்களின் சாய்வு மாறி டயர் ஒருபுறமாகத் தேயும் என்பதெல்லாம் அதற்கு அடுத்தபடி. தாழ்த்தியே தீரவேண்டுமானால், அந்த வண்டிக்கென்றே கணக்கிட்டுச் செய்த ஸ்பிரிங்கை வாங்கி மாட்டி, சக்கரங்களை மறுபடி நேர் செய்துகொள்வதுதான் யோக்கியமான வழி.

பையன் மௌனமாகக் கேட்டான். பிறகு என் மனைவியின் தையல் பெட்டியிலிருந்து நாடாவை வாங்கி, நான்கு சக்கரங்களையும் அளந்து ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதிக்கொண்டான். மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பதென்றும், ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்தால் அது படிவதல்ல, பழுது என்று உடனே காட்டுவதென்றும் ஏற்பாடு. "புதன்கிழமை?" என்று கேட்டேன். "போகவில்லை, ஸார்" என்றான்.

விடைபெற்றுக் கிளம்பினான். தெருமுனையிலுள்ள வேகத்தடையில் வண்டியைக் குறுக்காகத் திருப்பி, நத்தையைப்போல் ஏற்றியும், அடிவயிறு 'கறக்' என்று உரசிய சத்தம் எங்கள் திண்ணை வரையில் கேட்டது.

"பாவம், இந்த வண்டியா இன்னும் தாழ வேண்டும்?" என்றாள் என் மனைவி.