வாலாஜாபாத்துக்கு நடைபாதை எதற்கு என்று கேட்பவர்களுக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பதில்தான் வருகிறது: "இது கம்பெனி ஏரியா. ரோடு அகலமாக இருந்தால் போதும். நடைபாதை, மரம், உட்கார இடம் எல்லாம் சென்னைப் பாண்டி பஜாருக்குச் சரி, வாலாஜாபாத்துக்கு எதற்கு?" டீக்கடையிலும் இதே பேச்சு, ஆலோசனைக் கூட்டத்திலும் இதே பேச்சு. கேட்பதற்கு நடைமுறை தெரிந்தவர் சொல்வதுபோல இருப்பதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. இந்தப் பேச்சை நம்பிப் போடப்படும் ஒவ்வொரு சாலையும் நடந்து போகிறவரின் உயிரைப் பணயம் வைக்கிறது. அதனால் இந்த வாதத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக எடுத்துப் பதில் சொல்வது அவசியம்.

வண்டலூரில் கிளம்பி ஒரகடம் வழியாக வரும் சாலை வாலாஜாபாத்தில் வந்து சேர்கிறது. செங்கல்பட்டையும் காஞ்சிபுரத்தையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலையும் இங்கேதான் வருகிறது. பேருந்து நிலையம், ரயில் நிலையம், பள்ளிக்கூடங்கள், கடைத்தெரு எல்லாம் இந்தச் சின்னப் பேரூராட்சிக்குள் இருக்கின்றன. பாலாற்றுக்கு அக்கரையில் உள்ள கிராமத்துக்காரர்களுக்கும் பொருள் வாங்க, பஸ் பிடிக்க இதுதான் ஊர். இப்படிப்பட்ட ஊரின் வீதியைத் தொழிற்சாலைக்குப் போகும் வழியாக மட்டும் பார்ப்பதிலிருந்துதான் கோளாறு தொடங்குகிறது.

"தொழில் வழித்தடத்தில் சாலை என்றால் லாரிக்குத்தான்"

கன்டெய்னர் லாரியும் டிப்பரும் ஓடத்தான் வேண்டும். அவை நின்றால் ஆலை நின்றுவிடும். அதில் மறுப்பில்லை. ஆனால் ஆளில்லாமலும் ஆலை ஓடாது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-ல் திறக்கப்பட்டது. தொடர்ந்து டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. இவற்றுக்கு வேலைக்குப் போகிறவர்கள் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து கிளம்புகிறார்கள். முதல் ஷிப்டுக்கு விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அது நிற்கிற இடத்தில் பெரும்பாலும் நிழற்குடையும் கிடையாது, மேடையும் கிடையாது. தார் முடிந்து மண் தொடங்குகிற ஓரத்தில், பின்னால் முட்செடியும் முன்னால் வேகமாகப் போகும் டிப்பருமாக, பெண்கள் டிபன் பையோடு இருட்டில் நிற்கிறார்கள். அவர்கள் கட்டும் வரியும் அவர்கள் செய்யும் உற்பத்தியும்தான் இந்தச் சாலையைப் போட்டன. அதில் நிற்க ஒரு மீட்டர் இடம் அவர்களுக்கு ஒதுக்கப்படவில்லை.

இதே பகுதியில் உள்ள வல்லம்–வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் 18,720 பேர் தங்கும் பெண் தொழிலாளர் விடுதியை 2024 ஆகஸ்டில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவான கட்டடம் அது. தொழிலாளிக்கு நல்ல படுக்கை வேண்டும் என்று அரசு ஒப்புக்கொண்டதற்கு அது அடையாளம். படுக்கைக்கும் பணியிடத்துக்கும் நடுவே உள்ள வீதியும் நன்றாக இருக்க வேண்டும் என்பது அதன் அடுத்த படிதான்.

"இப்போது யார் நடக்கிறார்கள்? வீட்டுக்கு வீடு டூவீலர் இருக்கிறதே"

டூவீலர் பெருகியிருப்பது உண்மை. ஆனால் அதை வைத்திருப்பவர் பெரும்பாலும் வீட்டில் ஒருவர். அவர் வேலைக்குப் போன பிறகு ரேஷன் கடைக்குப் போகும் பாட்டியும், பள்ளிக்குப் போகும் பிள்ளையும், பஸ் பிடிக்க ஓடும் கல்லூரி மாணவியும் நடந்துதான் போகிறார்கள். பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்னும் இறங்கிய பின்னும் நடக்கிறார். வண்டிக்காரரே கூட, நிறுத்திவிட்டு இறங்கிய நொடியில் பாதசாரிதான்.

இவர்கள் கண்ணில் படுவதில்லை என்பதால் இல்லாமல் போய்விடவில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள், அதாவது ஐந்தில் ஒருவர். அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து நடந்த மாநிலம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நடப்பவர் யாருமே இல்லை என்றால் செத்தது யார்?

"அகலப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும்"

இதைத்தான் பலரும் மனதார நம்புகிறார்கள். ஊருக்கு வெளியே, குறுக்கே யாரும் நடக்காத இடத்தில், அகலம் உதவும். கடைத்தெருவில் நடப்பது வேறு. அகலமாக்கிய பகுதி சில மாதங்களில் டூவீலரும் ஷேர் ஆட்டோவும் நிறுத்துமிடமாகிறது. மிச்சமுள்ள தாரில் பஸ் நடுரோட்டிலேயே நின்று ஆள் ஏற்றுகிறது. நடக்கிறவருக்கு ஓரம் கிடையாது, அவரும் தாரிலேயே இறங்குகிறார். நெரிசல் பழையபடி வந்து நிற்கிறது.

நெரிசல் இல்லாத நேரத்தில் அந்த அகலமே எமனாகிறது. சாலை எவ்வளவு அகலமோ அவ்வளவு வேகத்தை ஓட்டுநரின் கால் தானாக மிதிக்கும்; பலகையில் 30 என்று எழுதிவைத்து மட்டும் அதைக் குறைக்க முடியாது. வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. 30 கிலோமீட்டரில் காலை உடைக்கும் வண்டி 60-ல் ஆளையே கொல்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. நெடுஞ்சாலையில் ஒரு தடத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் அகலம் 3.5 மீட்டர். நம் மோட்டார் வாகன விதிகளின்படி லாரியோ பஸ்ஸோ இருக்கக்கூடிய உச்ச அகலம் 2.6 மீட்டர். ஊருக்குள் மட்டும் தடத்தை 3.2 மீட்டராக வைத்தால் லாரி தாராளமாகப் போகும். நான்கு தடத்திலும் சேர்த்து 1.2 மீட்டர் மிச்சமாகும். அதை ஓரத்து வடிகாலின் மூடியோடு இணைத்தால், யாருடைய கடையையும் இடிக்காமல் ஒரு பக்கத்து நடைபாதைக்குப் பெரும்பகுதி இடம் வந்துவிடுகிறது. வேகமும் குறைகிறது.

புறவழிச்சாலை வந்தால் போதும் என்போரும் உண்டு. வரட்டும், மிக நல்லது. ஆனால் லாரி வெளியே போன பிறகு ஊருக்குள் இருக்கும் சாலையை அப்படியே விட்டால் அது பைக் பந்தயத்துக்குத்தான் வசதி. புறவழிச்சாலை திறக்கும் நாளே உள்வீதியை மனிதருக்கு ஏற்றபடி மாற்றியமைக்கத் தொடங்க வேண்டிய நாள்.

"நடைபாதை போட்டால் யாரும் அதில் நடப்பதில்லை, ஆக்கிரமிப்புதான் வரும்"

இந்தக் குறையில் பாதி உண்மை இருக்கிறது. நம் ஊர்களில் நடைபாதை என்ற பெயரில் கட்டப்படுவதைப் பாருங்கள். வடிகாலை முழங்கால் உயரத்துக்குக் கட்டி மேலே சிலாப் போட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு கடைக்காரரும் தன் வாசலுக்கு ஒரு இரும்புச் சரிவோ இரண்டு படியோ வைக்கிறார். பத்தடிக்கு ஒரு ஏற்றம், பத்தடிக்கு ஒரு இறக்கம். நடுவில் டிரான்ஸ்பார்மர், அதற்கடுத்து உடைந்த சிலாப். கையில் குழந்தை வைத்திருப்பவர் இதில் எப்படி நடப்பார்? அவர் ரோட்டில் இறங்கிவிடுகிறார். காலியாகக் கிடக்கும் இடத்தைக் கடை பிடித்துக்கொள்கிறது.

தவறு நடக்கிறவரிடம் இல்லை, கட்டியவரிடம் இருக்கிறது. சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டி, நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்கிறது. தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் வேண்டும் என்கிறது: இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடந்து போகும் அளவு. விளக்குக் கம்பம், மரம், பெஞ்ச், வண்டிக்கடை எல்லாம் இந்த 1.8 மீட்டருக்கு வெளியே தனி வரிசையில் வர வேண்டும். இப்படிக் கட்டிய நடைபாதையில் ஆள் நடப்பார். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தைத்தான் ஆக்கிரமிப்பிலிருந்து காப்பாற்ற முடியும்.

"வியாபாரம் படுத்துவிடும்"

கடைக்காரரின் பயம் நியாயமானது. அவருக்கு அது அன்றாடச் சோறு. ஆனால் அனுபவம் வேறு கதை சொல்கிறது. கோபன்ஹேகனில் 1962-ல் ஸ்ட்ரோயெட் என்ற பெரிய கடைவீதியை நடப்பவர்களுக்கு மட்டும் என்று மாற்றியபோது வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். இன்று அந்த நகரின் முதன்மைக் கடைவீதி அதுதான். சென்னை தியாகராய நகரில் நடப்பவர்களுக்கான பாண்டி பஜார் வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. அங்கே இன்றும் மாலையில் குடும்பத்தோடு வந்து நடப்பவர்கள், நடந்த பிறகு கடைக்குள்ளும் போகிறார்கள். வண்டியில் வேகமாகக் கடந்து போகிறவர் எந்தக் கடையிலும் பூ வாங்குவதில்லை.

தள்ளுவண்டிக்காரரையும் தரைக்கடைக்காரரையும் விரட்டுவதுதான் வீதியைச் சீர்படுத்துவது என்று நினைப்பதும் தவறு. 2014-ன் சாலையோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. அதை முடிவு செய்யும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத உறுப்பினர்கள் வியாபாரிகளாகவே இருக்க வேண்டும் என்கிறது. வரைபடத்திலேயே பூக்காரம்மாவுக்கும் இளநீர்க்காரருக்கும் கட்டம் போட்டுவிட்டால், பிறகு புல்டோசருக்கு வேலையில்லை.

"மரமும் பெஞ்சும் அழகு வேலை"

சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்கு வாலாஜாபாத் பேருந்து நிலையத்திலிருந்து மொட்டைச் சாலையில் அரை கிலோமீட்டர் நடந்து பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். நம் சீதோஷ்ணத்தில் நிழல் இல்லாத நடைபாதை பாதி நாளுக்குப் பயன்படாத நடைபாதை. முழங்கால் வலி உள்ளவர் இருநூறு மீட்டருக்கு ஒருமுறை உட்கார முடிந்தால்தான் மருந்துக்கடைக்குத் தானே போய்வருவார். இல்லையென்றால் வீட்டிலேயே முடங்கிவிடுவார். சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய புளியமரத்துக்கு ஈடாக எங்கோ ஒரு காலி நிலத்தில் கன்று நட்டால் கணக்கு சரியாகலாம், நிழல் திரும்பி வராது. வேம்பும் புங்கனும் அதே வீதியில், வேர் இறங்கக் குழிவிட்டு, நடப்பட வேண்டும். சுற்றி சிமென்ட் பூசாத அந்தக் குழியிலேயே மழைநீரும் கொஞ்சம் இறங்கும்.

"பேரூராட்சியிடம் காசில்லை; ரோடும் அதனுடையது இல்லை"

முக்கியச் சாலைகள் நெடுஞ்சாலைத் துறையிடம் இருப்பது உண்மை. அப்படியென்றால் பொறுப்பும் அந்தத் துறையிடம்தான் இருக்கிறது. 2006-லேயே தேசிய நகரப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை நகர்த்துவதைவிட மனிதர்களை நகர்த்துவதே நோக்கம் என்று சொல்லிவிட்டது. 2014-ல் சென்னை மாநகராட்சி மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையே ஏற்றது. போக்குவரத்துக்கு ஒதுக்கும் நிதியில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் போக வேண்டும் என்றது. அந்த இலக்கு முழுதாக எட்டப்படவில்லைதான். ஆனால் எது முதலில் என்ற வரிசையை அது எழுத்தில் வைத்துவிட்டது. 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதியை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்க அரசு ஆணையிட்டது. பெருநகரத்தின் நெரிசல் மட்டும் காஞ்சிபுரம் மாவட்டத்துக்கு வருவது, அதன் நல்ல கொள்கை வராமல் தாம்பரத்தோடு நின்றுவிடுவது என்ன நியாயம்?

செலவும் பெரிதில்லை. சாலை போடும்போது வடிகால் எப்படியும் கட்டுகிறார்கள். அதன் மூடியைச் சரியான உயரத்தில், சமமாகப் போடுவதற்குத் தனித் திட்டம் தேவையில்லை. வரைபடத்தில் ஒரு கோடு மாறினால் போதும். கட்டிய பிறகு இடித்துத் திருத்துவதுதான் செலவு.

சட்டமும் கைகட்டி நிற்கவில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, பாதுகாப்புத் தரத்தை மீறி வடிவமைத்த சாலையால் உயிர் போனால் அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. கோவை எலும்பியல் மருத்துவர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. தினம் எலும்பு முறிந்து வருகிறவர்களுக்குச் சிகிச்சை செய்த ஒரு மருத்துவர் நீதிமன்றத்துக்குப் போய்க் கேட்டு வாங்கித் தந்த உரிமை இது. வாலாஜாபாத்தில் நடக்கிறவருக்கும் அது பொருந்தும்.

ஆக, அளவு எழுதப்பட்டிருக்கிறது, கொள்கை இருக்கிறது, சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் வந்துவிட்டது. குறைவது முறை ஒன்றுதான். இப்போது முதலில் தாரை அளக்கிறார்கள், மிஞ்சியது நடப்பவருக்கு. இதைத் திருப்பிப் போட வேண்டும். ஊருக்குள் எந்தச் சாலைப் பணிக்கு ஒப்பந்தம் கோரினாலும், அதற்கு முன் அதன் குறுக்குவெட்டு வரைபடத்தைத் தமிழில் பேரூராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். அதில் 1.8 மீட்டர் நடைபாதை எங்கே, கம்பெனி பஸ் நிற்கும் மேடை எங்கே, பள்ளி வாசலில் சாலையைக் கடக்கும் மேடு எங்கே, வண்டிக்கடை எங்கே, மரக்குழி எங்கே என்று காட்ட வேண்டும். காட்டாத வரைபடத்துக்கு மன்றத்தில் ஒப்புதல் தரக் கூடாது என்று வார்டு உறுப்பினர்களிடம் கேட்பது நம் வேலை. இந்த ஊருக்கு நடைபாதை எதற்கு என்று இனி எவர் கேட்டாலும், இல்லாமல் சாலை போட உமக்கு யார் அனுமதி கொடுத்தது என்று திருப்பிக் கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.